சொந்த நட்சத்திர வீரரைக் கொடுத்து இன்னொரு நட்சத்திரத்தை வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

கேட்டவர் பெயர் போடவில்லை. ஆனால் "டாலஸ் லூக்காவைக் கொடுத்து டேவிஸை வாங்கியதுபோல் ஒன்றைச் செய்வதற்கு முன் ஒரு அணி எதையெல்லாம் யோசிக்க வேண்டும்?" என்று கேட்டிருக்கும் தொனியைப் பார்த்தால் டாலஸ் ரசிகர்தான். வேறு யாரும் இவ்வளவு நொந்துபோய்க் கேட்க மாட்டார்கள். (தெரியாதவர்களுக்கு: NBA என்ற கூடைப்பந்து லீக்கில் டாலஸ் அணி, தன் நட்சத்திரம் லூக்கா டொன்சிச்சை லேக்கர்ஸ் அணிக்குக் கொடுத்து, அந்தோணி டேவிஸை வாங்கியது.) நான் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கும், ஊர் அணியான ராப்டர்ஸின் ரசிகன். 2018இல் எங்கள் ஊரும் இதே வேதனையைப் பட்டது. எங்களுக்கு அது சாம்பியன் கிண்ணத்தில் போய் முடிந்தது, அதனால் பதில் சொல்லக் கொஞ்சம் உரிமை இருக்கிறது.

யார் பெரிய ஆட்டக்காரர் என்று ஒப்பிடுவது கடைசி வேலை. எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறார்கள், புள்ளி சராசரியைத் தூக்கி வைத்துக்கொண்டு. முதலில் கேட்க வேண்டியது வேறு: இப்போது இருக்கிறவரை வைத்துக்கொண்டு நம் அணி எதுவரை போகும் என்று தெரிந்துவிட்டதா? ரொறன்ரோவுக்கு அது நன்றாகவே தெரிந்திருந்தது. 2017-18 சீசனில் 59 வெற்றி, அதுவரை அணியின் வரலாற்றிலேயே அதிகம், கிழக்குப் பிரிவில் முதலிடம். அப்புறம் பிளேஆஃப்பின் (சீசன் முடிந்ததும் நடக்கும் வெளியேற்றுத் தொடர்கள்) இரண்டாம் சுற்றில் லெப்ரான் ஜேம்ஸின் கிளீவ்லண்ட் அணி வந்து நான்குக்குப் பூச்சியம் என்று துடைத்தெடுத்தது. அதற்கு முந்திய வருஷமும் இதே சுற்று, இதே அணி, இதே நான்கு பூச்சியம். 2016இல் கிழக்கு இறுதியில் தோற்றதும் அவர்களிடம்தான். அந்த 2018 தொடரின் மூன்றாம் ஆட்டத்தில், நான்காம் கால்பகுதியில், எங்கள் முதல் நட்சத்திரம் டெமார் டெரோசனை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுத்தான் ராப்டர்ஸ் துரத்தி வந்து சமன் செய்தது. லெப்ரான் கடைசி நொடியில் ஒற்றைக் கையால் பலகையில் அடித்துப் போட்டு அதையும் முடித்தார். நான்காம் ஆட்டத்தில் டெரோசனை நடுவர்கள் வெளியேற்றினார்கள். இதற்கு மேல் என்ன தெரிய வேண்டும்?

2018 ஜூலை 18 காலை. நான் வேலையில் நிற்கிறேன், தம்பியின் போன்.

"அண்ணை, பாத்தனீங்களே? டெரோசனை வித்துப்போட்டாங்கள்."

"ஆரை எடுத்தவங்கள்?"

"கவாய் லெனர்டை."

"நல்ல வேலை."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் கத்தத் தொடங்கினான். "உங்களுக்கு மனச்சாட்சி இல்லையே? வேற ஒரு டீமோடையும் கதைக்காமல் இங்க கையெழுத்துப் போட்டவன் அவன்!" உண்மைதான். டெரோசன் 2009 ட்ராஃப்டில், அதாவது அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், ஒன்பதாவதாக வந்தவர். வின்ஸ் கார்ட்டரும் கிறிஸ் பொஷ்ஷும் விட்டுப்போன ஊரில், 2016இல் வேறு எந்த அணியையும் சந்திக்காமல் 139 மில்லியன் டொலருக்கு ஐந்து வருஷம் எழுதிக் கொடுத்தவர். அணியின் வரலாற்றில் அதிகப் புள்ளிகள் அவருடையவை. அந்த வருஷம்தான் தன் மனச்சோர்வைப் பற்றி வெளிப்படையாகப் பேசியும் இருந்தார். எனக்கும் அவரைப் பிடிக்கும். பிடிக்கிறது என்பது வேறு கணக்கு.

அந்த வார இறுதியில் ஒரு பிறந்தநாள் கொண்டாட்டம். நிலவறையில் எல்லோரும் சேர்ந்து என்னைப் பிடித்துக்கொண்டார்கள். கூடைப்பந்தில் எத்தனை பேர் ஆடுவார்கள் என்றுகூடச் சரியாகத் தெரியாத மாமா ஒருவர் ரோல்ஸைக் கடித்தபடி, "கால் ஏலாத ஆளையெல்லோ வாங்கி வச்சிருக்கிறியள்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அங்கே பேசியவர்களில் சரியான இடத்தில் கை வைத்தவர் அந்த மாமாதான். சான் அன்டோனியோ ஸ்பர்ஸின் நட்சத்திரமான கவாய் அதற்கு முந்திய சீசனில் தொடைக் காயத்தால் ஒன்பதே ஆட்டங்கள்தான் ஆடியிருந்தார். சான் அன்டோனியோவின் மருத்துவர்களோடும் ஒத்துப்போகவில்லை. ஒப்பந்தத்தில் உறுதியாக இருந்ததும் ஒரே ஒரு வருஷம்.

சரி, அப்படியானால் நான் ஏன் ஆதரித்தேன்? முடிவு தெரிந்த பிறகு எவனும் பேசுவான் என்று கீழே எழுத வருகிறவர்களுக்கு: அன்றைக்கே சொன்னேன், சாட்சிக்கு ஒரு நிலவறை நிறைய ஆட்கள் இருக்கிறார்கள்.

இந்த லீக்கில் சம்பள உச்சவரம்பைத் தாண்டிய அணி, கொடுக்கிற சம்பளத்துக்கு ஏறக்குறைய ஈடான சம்பளத்தைத்தான் திரும்ப வாங்க முடியும். அதனால்தான் பெரிய நட்சத்திரத்துக்குப் பெரும்பாலும் இன்னொரு பெரிய சம்பளக்காரர் வருகிறார். டெரோசனுக்கு வருஷம் சுமார் 27 மில்லியன். கடைசி வருஷம் இருப்பதா விலகுவதா என்பது அவர் விருப்பம் என்றாலும், கணக்கில் மூன்று வருஷம் மிச்சம். கவாய்க்கு ஒரு வருஷம். ஊர் முழுக்க இதைப் பாதகம் என்றது. எனக்கு அது பாதி சாதகமாகத்தான் தெரிந்தது. கால் சரியாகாமல் கவாய் போய்விட்டாலும், அந்தப் பெரிய ஒப்பந்தமும் கூடவே கழிந்துவிடும், புதிதாகக் கட்டத் தொடங்கலாம். கால் சரியானால், 2014 இறுதித் தொடரின் சிறந்த வீரரும், இருமுறை சிறந்த தடுப்பாட்டக்காரருமான ஆள் கையில்.

கூடவே என்ன கொடுத்தோம் என்பதையும் பார்க்க வேண்டும். யாக்கோப் பெர்ட்டில் என்ற வீரர், ட்ராஃப்டின் முதல் சுற்றில் ஒரு வீரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. அதிலும் முதல் 20 இடங்களுக்குள் விழுந்தால் கொடுக்கத் தேவையில்லை என்று பாதுகாப்பு வைத்திருந்தார்கள். கடைசியில் அது 29ஆவது இடமாகப் போனது. எங்கள் இளம் வீரர்களான பஸ்கால் சியாக்கமையும் ஓஜி அனுனோபியையும் கொடுக்கவில்லை. அதோடு கவாயின் அணியிலிருந்து டானி கிரீனும் வந்தார். இன்னொன்று, அதே மாதத் தொடக்கத்தில்தான் லெப்ரான் லேக்கர்ஸுக்குப் போனார். கிழக்கில் கதவு திறந்து கிடந்தது. ஒரு வருஷம் போதும் என்று நினைப்பதற்கு அந்த வருஷத்தைவிட நல்ல வருஷம் கிடைக்காது.

அடுத்து நடந்தது உங்களுக்கே தெரியும். கவாயை 60 ஆட்டங்களில் மட்டும் ஆடவிட்டுப் பிளேஆஃப்புக்குப் பத்திரமாக வைத்திருந்தார்கள். பிலடெல்பியாவோடு ஏழாவது ஆட்டம், மூலையிலிருந்து எறிந்த பந்து வளையத்தில் நான்கு தரம் குதித்து உள்ளே விழுந்தது. மில்வோக்கியிடம் முதல் இரண்டும் தோற்று அடுத்த நான்கும் வென்றோம். 2019 ஜூன் 13 அன்று ஓக்லண்டில் கோல்டன் ஸ்டேட்டை வென்று கிண்ணம்.

அதை நினைத்துக் கவாயின் 2ஆம் இலக்க ஜேர்சி ஒன்று வாங்கினேன். கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் விட முடியவில்லை. அசல் என்று அசல் விலை வாங்கினார்கள். துவைத்ததும் முதுகில் இருந்த பெயரில் பாதி எழுத்து உரிந்துவிட்டது. கடைக்குக் கொண்டுபோனால் சுடுதண்ணீரில் போட்டிருப்பீர்கள் என்று என்னிடமே விசாரணை. பற்றுச்சீட்டைக் காட்டினால், கழிவு விலையில் வாங்கியதை மாற்ற முடியாது என்றார்கள். கழிவு விலையே அந்த விலை என்றால்! இந்த ஊரில் பொருள் வாங்குகிறவனுக்கு ஒரு மதிப்பும் இல்லை. தம்பி 2014இல் வாங்கிய டெரோசன் ஜேர்சி இன்றைக்கும் புதுசுபோல இருக்கிறது. அதை எனக்கு முன்னால் வேண்டுமென்றே போட்டுக்கொண்டு திரிகிறான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ட்ரேட் (வீரர் பரிமாற்றம்) சரி என்பதால் அதைச் செய்த விதமும் சரி என்று நான் சொல்ல வரவில்லை. லாஸ் வேகாஸ் கோடை லீக்கின்போது தன்னை விற்கமாட்டோம் என்று சொன்னார்கள் என்கிறார் டெரோசன். அப்போது ராப்டர்ஸ் அணியின் தலைவராக இருந்த மசாய் உஜிரி பிறகு மன்னிப்புக் கேட்டார், பேச்சில் இடைவெளி வந்துவிட்டது என்றார். 2019 பெப்ரவரியில் டெரோசன் ஸ்பர்ஸ் சட்டையோடு வந்தபோது அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. அதே ஆட்டத்தின் கடைசி நொடிகளில், அவர் கையிலிருந்த பந்தைக் கவாய் பறித்துக்கொண்டு ஓடி வளையத்தில் அறைந்தார். அதில்தான் ரொறன்ரோ முன்னுக்கு வந்து வென்றது. நான் துள்ளிக் குதித்தேன். தம்பி ரிமோட்டை எடுத்து வேறு சனலுக்கு மாற்றினான்.

இனி உங்கள் டாலஸ். 2025 பெப்ரவரியில் லூக்காவுக்கு 25 வயது, டேவிஸுக்கு 31. எட்டு மாதத்துக்கு முன்தான் லூக்கா அணியை இறுதித் தொடர்வரை கொண்டுபோயிருந்தார். அவரை வைத்துக்கொண்டு எதுவரை போகலாம் என்பது யாருக்கும் தெரியாத நேரத்தில் கொடுத்துவிட்டார்கள். ஒரே அணியோடு இரகசியமாகப் பேசி, டேவிஸோடு மாக்ஸ் கிறிஸ்டியும் ஒரே ஒரு முதல் சுற்று உரிமையும் மட்டும் வாங்கினார்கள். சந்தையில் நாலு பேரிடம் விலை கேட்காமல் காணியை விற்பவனை என்னவென்று சொல்வது? காயம் அடிக்கடி வரும் ஆள் என்று தெரிந்துதான் டேவிஸை வாங்கினார்கள், அவர் முதல் ஆட்டத்திலேயே காயப்பட்டார். இதைச் செய்த டாலஸின் பொது மேலாளர் நிக்கோ ஹாரிசனின் வேலை அந்த வருஷ நவம்பரில் போனது. அடுத்த ட்ராஃப்டில் முதல் தேர்வாகக் கூப்பர் ஃபிளாக் கிடைத்தாரே என்பீர்கள். ட்ராஃப்ட் வரிசைக்கான குலுக்கலில் 1.8 சதவீத வாய்ப்பில் விழுந்த சீட்டு அது, அதைத் திட்டம் என்று கணக்கில் சேர்க்காதீர்கள்.

"கவாயும் ஒரே வருஷத்தில் கிளிப்பர்ஸுக்கு ஓடிவிட்டாரே" என்று யாராவது எழுதுவார்கள். போகட்டும். அவர் போன அடுத்த சீசனில் ராப்டர்ஸ் 53 வென்று 19தான் தோற்றது. இன்னும் சிலர், டுரன்ட்டும் கிளே தொம்சனும் காயப்பட்டதால்தான் கோல்டன் ஸ்டேட்டை வென்றீர்கள் என்று தொடங்குவார்கள். அதற்குத் தனியாக ஒரு கேள்வி போடுங்கள், அங்கே வந்து பதில் சொல்கிறேன்.