கறுப்புச் சாயம் பூசினால் காமெடியா?

கே: 'ட்ராபிக் தண்டர்' படத்தில் கறுப்பர் மேக்கப்போடு வந்த ராபர்ட் டவுனி ஜூனியருக்கு ஆஸ்கர் பரிந்துரையே கிடைத்தது. அதே வேலையைச் செய்த 'சோல் மேன்' படத்தை மட்டும் இன்றைக்கும் திட்டுகிறார்களே, ஆளுக்கொரு நியாயமா? (வாசகர், கோவை)

ப: இரண்டும் ஒரே வேலை இல்லை. 19-ம் நூற்றாண்டிலேயே அமெரிக்க நாடக மேடைகளில் வெள்ளைக்காரர்கள் முகத்தில் கார்க் கரியைப் பூசிக்கொண்டு கறுப்பர்களை முட்டாள்களாகக் காட்டிக் காசு பார்த்தார்கள், அந்தக் காயம் ஆறவில்லை. 2008-ல் வந்த 'ட்ராபிக் தண்டர்' கிண்டலடிப்பது அந்தப் புத்தியைத்தான். டவுனியின் கதாபாத்திரம், விருது வெறி பிடித்த ஆஸ்திரேலிய வெள்ளை நடிகன் கிர்க் லாசரஸ். படத்துக்குள் எடுக்கப்படும் ஒரு போர்ப் படத்தில் கறுப்பு சார்ஜன்ட்டாக நடிப்பதற்காகத் தோலின் நிறத்தையே சிகிச்சை செய்து மாற்றிக்கொண்டு, கேமரா நின்ற பிறகும் அந்த சார்ஜன்ட்டின் குரலை விடாத ஆள். கூட நடிக்கும் ஆல்பா சீனோ நிஜமாகவே கறுப்பு இளைஞன், அவனுக்கு இதைப் பார்க்கப் பார்க்க எரிகிறது. ஒரு காட்சியில் கறுப்பர்களை இழிவாகச் சொல்லும் வார்த்தையை அவன் சொல்லிவிட, லாசரஸ் அவனை அறைந்துவிட்டு, 400 வருஷ வேதனை தன்னுடையது என்கிற மாதிரி கரகரத்த குரலில் உபதேசம் பண்ணுவான். கேட்டுக்கொண்டே இருக்கிற ஆல்பா, இது கறுப்புக் குடும்பம் ஒன்றைப் பற்றிய 'தி ஜெஃபர்சன்ஸ்' காமெடி டிவி தொடரின் டைட்டில் பாட்டாச்சே என்று பிடித்துவிடுவான். சிரிப்பு முழுக்க லாசரஸ் தலையில்தான் விழுகிறது.

'சோல் மேன்' (1986) கதை வேறு. அப்பா ஃபீஸ் கட்ட மறுத்ததும் வசதியான வீட்டு வெள்ளைப் பையன் தோலைக் கறுப்பாக்கும் மாத்திரையை விழுங்கி, கறுப்பு மாணவருக்கான ஸ்காலர்ஷிப்பைத் தட்டிக்கொண்டு ஹார்வர்டில் சட்டம் படிக்கப் போகிறான். அந்தப் பணம் நியாயமாகப் போயிருக்க வேண்டிய பெண் தனியாகப் பிள்ளையை வளர்த்துக்கொண்டு, ஓட்டலில் பரிமாறிக்கொண்டே படிக்கிறாள். கடைசியில் அவனே பேராசிரியரிடம், பிடிக்காவிட்டால் எப்போது வேண்டுமானாலும் வெளியே வந்துவிட முடிந்த எனக்குக் கறுப்பனாக இருப்பது எப்படித் தெரியும் என்கிற அர்த்தத்தில் பேசுவான். நல்ல வசனம்தான், ஆனால் கல்லூரி, அந்தப் பெண்ணின் காதல் இரண்டும் அவனுக்கே என்று படம் முடிகிறது, எனக்கு அதுதான் ஆறவே இல்லை. அமெரிக்கக் கறுப்பர்களின் உரிமைக்காகப் போராடும் என்.ஏ.ஏ.சி.பி அமைப்பு அன்றைக்கே கண்டித்ததில் நியாயம் இருந்தது.

கே: அப்படியானால் 'ட்ராபிக் தண்டர்' மேல் தப்பே இல்லையா? (வாசகி, திருச்சி)

ப: இருக்கிறது. அதில் பென் ஸ்டில்லரின் கதாபாத்திரம் ஆஸ்கர் ஆசையில் 'சிம்பிள் ஜாக்' என்ற அறிவுசார் குறைபாடுள்ள ஆளாக நடித்துத் தோற்றிருப்பான். குறி அந்த நடிகன் மேல்தான் என்றாலும், அந்தக் குறைபாடு உள்ளவர்களை இழிவுபடுத்தும் வார்த்தை படத்தில் திரும்பத் திரும்ப வருகிறது, பதில் சொல்ல அவர்களில் ஒருவர்கூடப் படத்தில் இல்லை. லாஸ் ஏஞ்சலஸில் முதல் காட்சி நடந்தபோது மாற்றுத்திறனாளிகள் அமைப்பினர் தியேட்டர் வாசலில் அட்டை பிடித்து நின்றார்கள். அவர்கள் கோபம் முழுக்க நியாயம். ஆல்பாவுக்குக் கொடுத்த வசனத்தில் பாதியாவது அவர்கள் பக்கத்து ஆள் ஒருவருக்கு எழுதியிருக்க வேண்டும்.