சின்ன வயதில் பாராதைராய்டு கட்டி: கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மகனுக்கு 17 வயது. இரண்டாவது தடவையாகச் சிறுநீரகக் கல். ரத்தத்தில் கால்சியம் 11.4. தண்ணீர் சரியாகக் குடிக்காததுதான் காரணம் என்கிறார்கள். விட்டுவிடலாமா?

பதில்: விடவே கூடாது. தண்ணீர் குறைந்தால் கல் வரலாம், ஆனால் கால்சியம் இவ்வளவு ஏறியதற்கு வேறு காரணம் தேட வேண்டும். கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் அரிசி மணி அளவில் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் இருக்கின்றன. அவை சுரக்கும் பி.டி.எச். ஹார்மோன், ரத்தத்தில் கால்சியம் குறையும்போது எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். ஒரு சுரப்பியில் கட்டி வந்துவிட்டால், தேவை இல்லாதபோதும் எடுத்துக்கொண்டே இருக்கும். சோர்வு, மலச்சிக்கல், வயிற்று வலி, மனச்சோர்வு எல்லாம் இதனால் வரலாம். "இந்த வயசில் இதெல்லாம் சகஜம்" என்று தள்ளிவிடுவதால்தான் பல பிள்ளைகளுக்குக் கல் வந்த பிறகே நோய் தெரிகிறது. உடனே பி.டி.எச். பாருங்கள்.

கேள்வி: எனக்குக் கால்சியம் 11.2, பி.டி.எச். 52. அளவு 15 முதல் 65 வரை என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது. அப்படியானால் நார்மல்தானே?

பதில்: இல்லை. இந்த இரண்டு எண்களையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். கால்சியம் ஏறியிருக்கும்போது நல்ல சுரப்பிகள் அடங்கிவிடும், பி.டி.எச். அடிமட்டத்துக்குப் போயிருக்க வேண்டும். 52-இல் நிற்பதே கோளாறுதான். ஒரே நேரத்தில் எடுத்த ரத்தத்தில் இரண்டையும் மறுபடி பாருங்கள். கூடவே அல்புமின் (ரத்தத்தில் உள்ள புரதம்), கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), வைட்டமின் டி.

கேள்வி: பால், தயிரை நிறுத்தட்டுமா?

பதில்: வேண்டாம். சாப்பாட்டில் கால்சியத்தைக் குறைத்தால் பி.டி.எச். இன்னும் ஏறும்.

கேள்வி: கட்டி என்றால் புற்றுநோயா?

பதில்: பெரும்பாலும் இல்லை. நூற்றில் ஒருவருக்கும் குறைவாகத்தான் புற்றுநோயாக இருக்கும்.

கேள்வி: கட்டியை எடுக்கும் ஆபரேஷனுக்கு முன் 24 மணி நேரச் சிறுநீர் சேகரிக்கச் சொல்கிறார்கள். அவசியமா?

பதில்: இளவயதில் மிகவும் அவசியம். பிறவியிலேயே கால்சியம் சற்று உயர்ந்திருக்கும் பரம்பரை நிலை ஒன்று உண்டு. அதில் சிறுநீரில் கால்சியம் குறைவாகப் போகும், பொதுவாக ஆபரேஷன் தேவையில்லை, செய்தாலும் பலன் இருக்காது. அதனால் கவனமாகச் சேகரியுங்கள். காலையில் முதல் சிறுநீரைக் கழித்துவிட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் மறுநாள் அதே நேரத்துச் சிறுநீர் வரை எல்லாமே கேனில் சேர வேண்டும். ஒரு தடவை விட்டுப்போனாலும் கணக்கு தப்பிவிடும்.

கேள்வி: எனக்கு 22 வயது. அப்பாவுக்கும் சிறுநீரகக் கல், மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் கட்டியும் இருந்தது. தொடர்பு இருக்குமா?

பதில்: இருக்கலாம். எம்.இ.என்.1 என்ற மரபணுக் கோளாறில் பாராதைராய்டு, பிட்யூட்டரி, கணையம் மூன்றிலும் கட்டிகள் வரலாம். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. இதை ஆபரேஷனுக்கு முன்பே தெரிந்துகொள்வது முக்கியம். வழக்கமாக ஒரே ஒரு சுரப்பியில்தான் கட்டி இருக்கும், அதை எடுத்தால் போதும். எம்.இ.என்.1-இல் நான்குமே பாதிக்கப்படுவதால் பொதுவாக மூன்றரைச் சுரப்பிகளை எடுப்பார்கள். அப்பாவின் பழைய ரிப்போர்ட்டுகளை எடுத்துப் போய் மரபணுப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். உடன்பிறந்தவர்களுக்கும் கால்சியம் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: தங்கைக்கு ஆபரேஷன் முடிந்து இரண்டு நாள். உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மதமதப்பு. பயப்பட வேண்டுமா?

பதில்: கால்சியம் இறங்கியிருப்பதன் அடையாளம் அது. இத்தனை நாள் அடங்கிக் கிடந்த மற்றச் சுரப்பிகள் விழித்துக்கொள்ளக் கொஞ்சம் நாளாகும். அதற்குள் எலும்பும் இழந்ததை வேகமாக இழுத்துக்கொள்ளும். இன்றைக்கே மருத்துவரிடம் சொல்லி ரத்தம் பாருங்கள், கால்சியம் மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டியிருக்கலாம். கை விரல்கள் இறுகி மடங்கினால் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.