போன் நன்றாக ஓடுகிறது, பங்கு வாங்கலாமா?

கேள்வி: ஆப்பிள் பங்கை ஒரு கூட்டம் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறது. இன்னொரு கூட்டம், 'இனி அங்கே புதிதாக ஒன்றும் வராது, விற்றுவிட்டு வெளியே வா' என்கிறது. ஐந்து வருடமாக ஐபோன் வைத்திருக்கிறேன், ஒரு பழுது கிடையாது. சேமிப்பிலிருந்து 4 லட்சம் ரூபாய் போடலாம் என்றிருக்கிறேன். யார் பேச்சைக் கேட்பது?
- வாசகர், கோவை

பதில்: இரண்டு கூட்டத்தின் பேச்சையும் கேட்காதீர்கள். போன் பழுதாகாமல் ஓடுவது உங்களுக்கு மட்டும் தெரிந்த ரகசியம் இல்லை. அது எப்போதோ விலையில் ஏறிவிட்டது. அந்த நிறுவனம் சம்பாதிக்கும் ஒரு டாலருக்கு நீங்கள் எத்தனை டாலர் கொடுக்கிறீர்கள் என்று பாருங்கள்.

2016 ஏப்ரல் கடைசியில், 13 வருடத்தில் முதல் தடவையாகக் காலாண்டு விற்பனை குறைந்ததாக ஆப்பிள் அறிவித்தது. அந்தப் பங்குக்காக மூன்று வருடம் வரிந்துகட்டிப் பேசிவந்த அமெரிக்கப் பெருமுதலீட்டாளர் கார்ல் ஐக்கான், சீனாவைக் காரணம் காட்டி எல்லாவற்றையும் விற்று வெளியேறினார். மே மாதம் விலை 90 டாலர் வரை இறங்கியது. அந்த நிதியாண்டில் ஒரு பங்குக்கான லாபம் 8.31 டாலர். அதாவது விலை, லாபத்தைப் போல் 11 மடங்குகூட இல்லை. அதே மே மாதம்தான் வாரன் பஃபெட்டின் பெர்க்ஷயர் ஹாத்வே 98 லட்சம் பங்குகள் வாங்கியிருந்த செய்தி வெளியே வந்தது. அதன் பிறகு வாங்கிக் குவித்த அதே பெர்க்ஷயர், மடங்கு 30-ஐ ஒட்டி ஏறிய 2024-இல் கையிலிருந்ததில் சுமார் மூன்றில் இரண்டு பகுதியை விற்றுவிட்டது. வரியும் ஒரு காரணம் என்று பஃபெட் சொன்னார். ஆனால் வாங்கிய மடங்கையும் விற்ற மடங்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

விலை மலிவாகத் தெரிந்தாலும் அடி விழும். 2012 செப்டம்பரில் பங்கு 702 டாலர். (ஒரு பங்கை ஆப்பிள் 2014-இல் ஏழாகவும் 2020-இல் நாலாகவும் பிரித்தது. இங்கே உள்ளவை அந்தந்தக் காலத்து விலைகள்.) லாபத்தைப் போல் 16 மடங்குதான். அடுத்த நிதியாண்டில் நிகர லாபம் 4,170 கோடி டாலரிலிருந்து 3,700 கோடியாகக் குறைந்தது. லாபத்தில் 11 சதவீதம்தான் சரிவு. பங்கோ 2013 ஏப்ரலுக்குள் 400-க்குக் கீழே போய்விட்டது. பிரித்ததைக் கணக்கில் எடுத்தால், பழைய உச்சத்தை மறுபடி தொட 2014 ஆகஸ்ட் ஆனது. கிட்டத்தட்ட இரண்டு வருடம்!

இனி, கொண்டாடுகிறவர்கள் சொல்லாமல் விடும் கணக்கு. 2021 நிதியாண்டில் நிகர லாபம் சுமார் 9,470 கோடி டாலர், 2024-இல் சுமார் 9,370 கோடி. மூன்று வருடத்தில் லாபம் வளரவே இல்லை. ஆனாலும் ஒரு பங்குக்கான லாபம் 5.61-லிருந்து 6.08 டாலராக ஏறியது. எப்படி? நிறுவனம் தன் பங்குகளைத் தானே வாங்கி ரத்து செய்கிறது. 2024-இல் மட்டும் அதற்குச் சுமார் 9,500 கோடி டாலர் செலவு. அதே லாபத்தைக் குறைந்த பங்குகளால் வகுக்கிறார்கள், அவ்வளவுதான். ஐரோப்பிய வரி வழக்கில் வந்த ஒரு தடவைச் செலவை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் அந்த 6.08, 6.75 என்று வரும். அதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். அந்தக் காலத்தில் விலை ஏறியது 147-லிருந்து 228-க்கு. 55 சதவீத ஏற்றத்தில் பெரும் பகுதி, மடங்கு உப்பியதால் வந்தது.

2025-இல் லாபம் நிஜமாகவே வளர்ந்து, பங்குக்கு 7.46 டாலர் ஆனது. அக்டோபர் முடிவில் விலை 270. மடங்கு 36. ஒரு காகிதம் எடுங்கள். லாபம் வருடம் 10 சதவீதம் வளர்வதாக வைத்தால், ஐந்து வருடத்தில் 12 டாலர். அன்று சந்தை 28 மடங்கு கொடுத்தால் விலை 336. உங்களுக்கு வருடத்துக்கு நாலரை சதவீதம். 20 மடங்குதான் என்றால் 240, கைநஷ்டம். டிவிடெண்ட், அதாவது பங்குதாரருக்கு நிறுவனம் பிரித்துத் தரும் லாபத் தொகை, தாங்கிப் பிடிக்கும் என்று நினைக்காதீர்கள். அது அரை சதவீதம்கூட இல்லை.

'கதை முடிந்தது' என்பவர்களும் தவறான இடத்தில் தேடுகிறார்கள். ஐபோன் விற்பனையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஆப் ஸ்டோர், ஐகிளவுட் போன்ற சேவைப் பிரிவில் 2024-இல் 100 டாலர் விற்பனைக்கு, அதன் நேரடிச் செலவு போக, 74 டாலர் லாபம். பொருள்களில் 37 டாலர்தான். இந்தச் சேவைப் பணத்தில் பெரிய துண்டு கூகுளிடமிருந்து வருகிறது. ஐபோனில் இருக்கும் சஃபாரி பிரவுசரில் முதல் தேடுபொறியாக இருக்க 2022-இல் கூகுள் கொடுத்தது 2,000 கோடி டாலர் என்று, கூகுள் மீதான அமெரிக்க ஏகபோக வழக்கின் ஆவணங்களில் வெளிவந்தது. ஆப்பிளின் அந்த வருட வரிக்கு முந்தைய லாபத்தில் ஆறில் ஒரு பங்கு அது. 2025 செப்டம்பரில் அந்த வழக்கின் நீதிபதி அமித் மேத்தா, கூகுள் பணம் கொடுக்கலாம், போட்டியாளர்களை அடைத்துவிடும் ஒப்பந்தம்தான் கூடாது என்றார். தீர்ப்பு வேறு மாதிரி வந்திருந்தால் பங்கின் கதையே மாறியிருக்கும். சந்தேகப்படுகிறவர்கள் இங்கேதான் சந்தேகப்பட வேண்டும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 36 போன்ற உயர்ந்த மடங்கில் 4 லட்சத்தையும் ஒரே தடவையில் போடாதீர்கள். ஆசை விடவில்லை என்றால் ஒரு லட்சத்தோடு நிறுத்துங்கள். ஒவ்வொரு வருடமும் அக்டோபர் கடைசியை ஒட்டி வரும் ஆண்டறிக்கையில் நிகர லாபம், பங்குகளின் எண்ணிக்கை, சேவைப் பிரிவின் லாப விகிதம் ஆகிய மூன்றையும் எழுதி வையுங்கள். முதல் எண் நகராமல் இரண்டாவது மட்டும் குறைந்தால் மீதியைப் போட வேண்டாம்.

டிவிடெண்டில் 25 சதவீதத்தை அமெரிக்காவிலேயே பிடித்துக்கொள்வார்கள்; இங்கே வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம். 24 மாதத்துக்கு மேல் வைத்து விற்றால் லாபத்துக்கு 12.5 சதவீத வரி, அதற்குள் விற்றால் உங்கள் வருமான வரி விகிதம். ஒரே ஒரு பங்கு இருந்தாலும் வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் காட்டியாக வேண்டும். பலர் கோட்டை விடும் இடம் இது. அமெரிக்கச் சொத்து 60,000 டாலரைத் தாண்டினால், உரிமையாளர் இறந்த பிறகு வாரிசுகள் அங்கே 40 சதவீதம் வரை சொத்து வரி கட்ட நேரலாம். 4 லட்சத்துக்கு அந்தக் கவலை இல்லை.

பணம் அனுப்பும் முன், உங்களிடம் நாஸ்டாக் 100 அல்லது எஸ் அண்ட் பி 500 ஃபண்டு, அதாவது பெரிய அமெரிக்க நிறுவனப் பங்குகளைக் கூட்டாக வைத்திருக்கும் ஃபண்டு, ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஆப்பிள் ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது, அதுவும் பெரிய அளவில்.