சிறுநீரகக் கோளாறுக்கு எந்த உப்பு வாங்குவது?

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது, தறி ஓட்டியவர். ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) 2.1 வந்திருக்கிறது. பிரஷருக்கு டெல்மிசார்டன் சாப்பிடுகிறார். டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கடையில் 'சோடியம் குறைந்த உப்பு' என்று ஒரு பாக்கெட் கொடுத்தார்கள். விலை கூடுதல்தான். வாங்கலாமா? இல்லை, இந்துப்பு நல்லதா?
- வாசகி, அம்மாபேட்டை, சேலம்

பதில்: வாங்காதீர்கள் அம்மா. வாங்கியிருந்தால் அப்பா சாப்பாட்டில் சேர்க்காதீர்கள்.

பாக்கெட்டைத் திருப்பி, பொடி எழுத்தில் உள்ள சேர்மானப் பட்டியலைப் பாருங்கள். 'பொட்டாசியம் குளோரைடு' என்று இருக்கும். சோடியத்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதைப் போடுகிறார்கள். பிரஷர் மட்டும் உள்ளவர்களுக்கு இது பயன்படும். உலக சுகாதார நிறுவனம் 2025 ஜனவரியில் இந்த வகை உப்பைப் பரிந்துரைத்தபோதும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அது பொருந்தாது என்று விலக்கியே வைத்தது. பழுதான சிறுநீரகம் பொட்டாசியத்தைச் சரியாக வெளியேற்றாது. அப்பா சாப்பிடும் டெல்மிசார்டனும் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியது. இரண்டும் சேர்ந்தால், எந்த அறிகுறியும் காட்டாமலே இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். ஏற்கெனவே சில நாள் போட்டுச் சமைத்திருந்தால், டாக்டரிடம் சொல்லி ரத்தத்தில் பொட்டாசியம் பார்த்துவிடுங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். நிறத்துக்குக் காசு கொடுக்காதீர்கள். சாதா உப்பையே அளந்து போடுங்கள்: ஊறுகாய், அப்பளத்தில் உள்ளதையும் சேர்த்து ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூனுக்குள். தறிக்காரர்களுக்கு இடுப்புவலி கூடவே இருக்கும். மெடிக்கலில் சீட்டில்லாமல் டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை வாங்கித் தராதீர்கள். அது சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும்; உப்பைவிட அதுதான் எனக்குப் பெரிய பயம்.

கேள்வி: ஏற்காட்டில் எஸ்டேட் வேலை. 10 வருஷமாகச் சர்க்கரை. சேலத்தில் ஒரு லேபில் 'கிட்னி பேக்கேஜ்' எடுத்தேன். கிரியேட்டினின், யூரியா, யூரிக் ஆசிட் எல்லாம் நார்மல். இனி பயமில்லைதானே?

பதில்: அந்த ரிப்போர்ட்டில் சிறுநீர் அல்புமின்-கிரியேட்டினின் விகிதம் இருக்கிறதா? இல்லையென்றால் உங்களுக்கு வேண்டிய டெஸ்டே விட்டுப்போயிருக்கிறது. சர்க்கரை சிறுநீரகத்தைத் தொடும்போது முதலில் சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசியும். கிரியேட்டினின் ஏறுவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். இந்த விகிதம் 30-க்கு (mg/g) மேல் வந்தால், மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மறுபடி பார்த்துத்தான் உறுதி செய்வார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை இந்த டெஸ்ட் வேண்டும். பேக்கேஜாக இல்லாமல் இதை மட்டும் எடுக்க முடியுமா என்று கேளுங்கள்.

கசிவு தெரிந்தால் இப்போது வழி உண்டு. சர்க்கரைக்கு வந்த டாபாகிளிஃப்ளோசின் என்ற மாத்திரை, சிறுநீரகம் கெடுவதை மெதுவாக்குகிறது என்று 2020-இல் பெரிய ஆய்வில் தெரிந்தது. இந்தியாவில் அதன் காப்புரிமையும் முடிந்துவிட்டதால், பல கம்பெனிகள் தயாரிக்கின்றன. டாக்டர் எழுதினால், மருந்தின் பெயரைச் சொல்லி மக்கள் மருந்தகத்திலும் விலை விசாரியுங்கள். காய்ச்சல், வாந்தி, பேதி வந்த நாட்களில் அதைத் தொடரலாமா என்பதையும் முதல் சீட்டு வாங்கும்போதே டாக்டரிடம் கேட்டு வையுங்கள். மலையிலிருந்து அவசரத்துக்கு இறங்குவது சுலபமில்லையே.