பின்னாலிருந்து வருபவர்

அன்புள்ள ஐயா,

கைதிகள் சிறுவயதில் பட்ட கொடுமைகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். என் அப்பாவும் பெல்ட்டால் அடித்தவர்தான். நானும் தம்பியும் யாரையும் குத்திவிடவில்லையே? அடிவாங்கிய கதையைச் சொல்லிக் குற்றத்தை நியாயப்படுத்தலாமா?

க.

அன்புள்ள க.,

பெல்ட் என்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். அதை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகப் பழகுவதற்கு எத்தனை வருடம் ஆயிற்று உங்களுக்கு? அந்தச் சிறுவனை நினைத்து மனம் கனக்கிறது.

ஆனால் நீங்கள் தப்பித்ததையே தடியாக்கி, தப்பிக்காதவனை அடிக்காதீர்கள். நியாயப்படுத்தலாம் என்று நான் எங்கே எழுதினேன்? அமெரிக்க உளவியலாளர் கேத்தி விடம் 1989-ல் வெளியிட்ட ஆய்வில், சிறுவயதில் வதைபட்ட, கவனிப்பாரற்றுக் கிடந்த 908 பேரை மற்ற பிள்ளைகளோடு ஒப்பிட்டார். பதின்வயதில் கைதானவர்கள் இவர்களில் 26 சதவீதம், மற்றவர்களில் 17. பெரும்பாலோர் உங்களைப் போலத்தான். அந்த வித்தியாசமும் உண்மைதான். சரி, அதை இதோடு விடுவோம்.

நான் சில காலம் சிறையில் எழுத்தறிவு வகுப்பு எடுத்தேன். ஐம்பது வயதுக்காரர் ஒருவர் எப்போதும் கடைசி வரிசையில் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டுதான் உட்காருவார். முன்னால் வரச் சொன்னால் வரமாட்டார். திமிர் என்று நினைத்தேன். ஒருநாள் இரும்புக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. பென்சில் வலதுகையில் அப்படியே இருக்க, அவருடைய இடது முழங்கை முகத்துக்கு முன்னால் உயர்ந்துவிட்டது. ஏழு வயதுப் பிள்ளையின் முழங்கை அது. "அப்பா எப்பவும் பின்னாலேர்ந்துதான் வருவாரு சார்" என்றார் அப்புறம்.

அடுத்த மாதம் ஒரு காவலர் பின்னாலிருந்து அவர் தோளைப் பிடித்திருக்கிறார். இவர் திரும்பித் தள்ளிவிட்டார். பதிவேட்டில் 'கீழ்ப்படியாமை'. தனிக்கொட்டடி.

இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். பயத்தைத் திமிர் என்று எழுதிவைக்கிறோம். பின்னாலிருந்து அதட்டல், ஆடையைக் களைந்து சோதனை, பூட்டிய அறை: சிறுவயதில் அந்த உடம்புக்கு நடந்ததையே மறுபடி நடத்திவிட்டு, ஏன் திருந்தவில்லை என்று கேட்கிறோம். கூடாது என்று விதி இல்லாமல் இல்லை. ஐ.நா.வின் 2015 நெல்சன் மண்டேலா விதிகள் 15 நாளுக்கு மேல் தனிமையில் அடைப்பதைத் தடை செய்கின்றன. பெண் கைதிகளுக்கான 2010 பாங்காக் விதிகள், உள்ளே வரும்போதே அவர்கள் பட்ட வன்முறையைக் கேட்டறியச் சொல்கின்றன. ஆடை களையும் சோதனைக்கு மாற்றாக ஸ்கேன் போன்ற வழிகளைக் கொண்டுவரச் சொல்கின்றன. ஆண்களையும் அப்படிக் கேட்டால் என்ன குறைந்துவிடும்? அந்த மனிதரிடம் நானே கேட்கவில்லை. கதவுதான் சொல்லிக்கொடுத்தது.

ஒன்று மட்டும் எழுதுங்கள், க. யாராவது சட்டென்று பின்னால் வந்து நின்றால் உங்கள் தம்பி என்ன செய்வார்?