கேளுங்கள், சொல்கிறேன்: அண்ணன் எரிக்கிறான், தங்கை என்ன செய்கிறாள்?

கேள்வி: மாயாஜாலத் தொடர்கதை ஒன்று எழுதி வருகிறேன். அண்ணன் கை அசைத்தால் ஊர் எரியும். தங்கை தொட்டால் பட்ட மரம் துளிர்க்கும். படித்த தோழிகள் எல்லாரும் அண்ணன் கட்சி. தங்கை சப்பென்று இருக்கிறாளாம். என்ன செய்வது ஐயா? (வாசகி, புக்கிட் மெர்தாஜாம்)

பதில்: தோழிகள் மேல் குற்றமில்லை அம்மா. தொட்டவுடன் துளிர்த்துவிட்டால் அப்புறம் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

ஜோர்ஜ் டவுனில் எங்கள் தெரு முனையில் ஒரு சீனப் பெரியவர், சீன ஏழாம் மாதத்து ஆவிகள் திருவிழாவுக்காகக் காகிதச் சிலை கட்டுவார். மூங்கிலைச் சிம்பு சிம்பாகச் சீவி, ஒவ்வொரு முடிச்சையும் முறுக்கிய காகிதத்தால் கட்டுவார். விரலில் காய்ந்த பசையைத் தோல் உரிப்பதுபோல் உரித்துக்கொண்டே பேசுவார். நாள்கணக்கில் வேலை. பிறகு ஓர் இரவு தெருவில் வைத்துக் கொளுத்துவார்கள். போன வருடம் உடம்பெல்லாம் பற்றிக்கொண்ட பிறகும் முகம் மட்டும் கொஞ்ச நேரம் கறுக்காமல் நின்றது. சாம்பல் வந்து என் கோப்பியில் விழுந்தது. (குடித்துவிட்டேன், இரண்டு ரிங்கிட் ஆயிற்றே.) கூட்டம் நெருப்பைப் பார்த்தது. எனக்கோ அந்த முடிச்சுகள்தான் ஒவ்வொன்றாக அவிழ்வது போலிருந்தது. பெரியவர் முகத்தில் வருத்தமே இல்லை. அவருக்கு அது அழிப்பது அல்ல, அனுப்பிவைப்பது.

தங்கையின் விரல்களையும் அப்படிப் பக்கத்தில் போய்க் காட்டுங்கள். ஒரு மரத்தை எழுப்பினால் ஒரு பிடி முடி உதிரட்டும். மூன்றாவது மரத்தில் அவளுக்குக் கை நடுங்கட்டும்.

அண்ணனையும் சும்மா விடாதீர்கள். மதுரையை எரிக்கச் சொன்ன கண்ணகியே அக்கினிக்கு விலக்குப் பட்டியல் கொடுத்தாள்: பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழந்தைகள். அவ்வளவு கோபத்திலும் பசுமாடு நினைவுக்கு வந்திருக்கிறது பாருங்கள்! உங்கள் அண்ணன் யாரை விட்டுவைப்பான்?

இன்னொன்று. 1977-இல் வெளிவந்த டோல்கியனின் ‘சில்மரில்லியன்’ நூலில், பின்னால் கொடியவனாகும் மெல்கோர் என்ற தேவனுக்கு முதலில் இருந்தது படைக்கும் ஆசைதான். படைக்கும் சக்தியான அழியாச் சுடரைத் தேடி வெறுமையில் தனியாக அலைந்தான். கிடைக்கவில்லை, அது இறைவனிடமே இருந்தது. பிறர் செய்ததைக் கெடுக்கும் புத்தி அதற்கு அப்புறம் வந்ததுதான். உங்கள் அண்ணனும் சின்ன வயதில் ஒரு கத்தரிச்செடி நட்டு, அது வராமல் போனவனாக இருந்தால்? தோழிகள் அப்போதும் அவன் கட்சியாகவே இருக்கலாம். ஆனால் தங்கையை ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்கள்.

கேள்வி: யார் தலையில் கை வைத்தாலும் அவர் சாம்பலாகும் வரத்தைக் கொடுத்துவிட்டு, பஸ்மாசுரனுக்குப் பயந்து சிவனே ஓடலாமா? (வாசகர், பட்டர்வொர்த்)

பதில்: கொடுத்த வரத்தைத் திருப்பிக் கேட்க முடியாதே சார், ஓடித்தான் ஆகவேண்டும். அவர் ஓடியதால்தான் மோகினி வந்தாள், ஆடினாள், அவளைப் பார்த்து அவனும் தன் தலையில் கை வைத்தான். நின்று சண்டை போட்டிருந்தால் நமக்கு ஒரு நல்ல கூத்து போயிருக்கும்.