அக்காவைக் கேளுங்க: ஃபால் சீசன் ஸ்பெஷல்

செப்டம்பர் பாதியில இருந்து வர்ற கேள்வியெல்லாம் இலை, குளிரு, ஆப்பிள்னு ஒரே ரூட்லதான் ஓடுது, அதனால இந்த தடவை எல்லாத்தையும் ஒண்ணா எடுத்துக்கிட்டேன். நானும் டொரோன்டோ ஸ்கார்பரோல ஆறு வயசுல ஒண்ணு ரெண்டு வயசுல ஒண்ணுன்னு ரெண்டு வாலுங்கள மேய்க்கிறவதான், அடிபட்டு கத்துக்கிட்டதத்தான் சொல்றேன். (எடிட்டர் இலையுதிர்காலம்னு எழுதச் சொல்றாரு. எந்த வீட்டுல சார் அப்படி பேசுறோம், ஃபால்னுதானே சொல்றோம்.)

கேள்வி: அக்கா, எங்கட சின்னவனுக்கு ஒண்டரை வயசு. செப்டம்பர் முடிஞ்சா மாமி அவனை வெளியில விடமாட்டா, தடிமன் பிடிச்சிடும் எண்டு பேசுறா. கூட்டிக்கொண்டு போனாலும் பத்து நிமிசத்தில அழத் தொடங்கிடுவான். என்னண்டு சமாளிக்கிறது, சொல்லுங்கோ. (ஒரு அம்மா, மார்க்கம்)

மொதல்ல மாமியோட சண்டைக்குப் போகாதீங்க, அவங்க வளந்த ஊர்ல பனி பட்டா தடிமன்தான், எங்க அம்மாவும் ஃபோன்ல தினம் "குழந்தைக்கு தலையில துணி கட்டினியா"ன்னுதான் ஆரம்பிப்பாங்க. ஆனா சளி குளிர் காத்துல இருந்து பொறக்கறதில்ல, வைரஸ்ல இருந்து வருது, அது ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தருக்கு சுலபமா தாவுறது ஜன்னல் சாத்தின ரூமுக்குள்ளதான், பார்க்குல இல்ல.

அவன் அழுறது பெரும்பாலும் ரெண்டு காரணத்துக்குத்தான் இருக்கும், ஒண்ணு ஈரம், இன்னொண்ணு புழுக்கம். ஆமா, புழுக்கம்! நாம பயந்துக்கிட்டு மூட்டை மாதிரி சுத்திடுறோம், உள்ள வேர்த்து, அந்த வேர்வை ஜில்லுனு ஆகி, அப்புறம்தான் நடுங்குறான். நீங்க போட்டிருக்கிறதவிட ஒரு லேயர் மட்டும் கூடப் போடுங்க, ஒடம்பை ஒட்டி காட்டன் வேணாம், நனைஞ்சா காயவே காயாது. கை ஜில்லுனு இருக்குன்னு பதறாதீங்க, குழந்தைங்க கை அப்படித்தான் இருக்கும், கழுத்துக்குப் பின்னாடி விரல வச்சுப் பாருங்க, சூடா காஞ்சு இருந்தா சரி. மேல ஒரு ரெயின் சூட், கால்ல ரப்பர் பூட்ஸ், அவ்வளவுதான், தேங்கின தண்ணியில குதிக்கட்டும்.

ஒண்ணே ஒண்ணு மட்டும் ஸ்ட்ரிக்டா சொல்வேன், அந்த தடி பஃபி ஜாக்கெட்டோட கார் சீட்ல உக்கார வச்சு பெல்ட் போடாதீங்க. பெல்ட் டைட்டா இருக்கற மாதிரி தெரியும், இடிச்சா ஜாக்கெட் அமுங்கி பெல்ட் லூஸாயிடும். கழட்டிட்டு பெல்ட் போட்டு, அதுக்கு மேல ஜாக்கெட்ட திருப்பிப் போத்தி விடுங்க.

மாமியையும் கூட்டிட்டுப் போங்க. ஃபிளாஸ்க்ல தேத்தண்ணி ஊத்திக் குடுத்து பெஞ்ச்ல உக்கார வைங்க, ரெண்டாவது வாரம் அவங்களே பூட்ஸ எடுத்து வைக்கலேன்னா என்னைக் கேளுங்க.

கேள்வி: போன வருஷம்தான் கனடா வந்தோம். ஆபீஸ்ல எல்லாரும் அல்கான்குவின் பார்க், அல்கான்குவின் பார்க்குன்னு போட்டோ காட்றாங்க. மூணு வயசு பொண்ணோட போலாமா, எப்போ போனா இலை நல்லாருக்கும்? (பிராம்ப்டன் வாசகர்)

என் கதையக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. ரெண்டு வருஷம் முன்னாடி அக்டோபர்ல வர்ற தேங்க்ஸ்கிவிங் லாங் வீக்கெண்ட்ல புளியோதரை, தயிர் சாதம் எல்லாம் கட்டிக்கிட்டு விடிகாலைல கிளம்பினோம். மூணு மணி நேரம்னு மேப் சொல்லிச்சு, அஞ்சு ஆச்சு. பார்க்குக்குள்ள போற டே பெர்மிட்ட ஆன்லைன்ல முன்னாடியே எடுக்கணும்னு எனக்கும் தெரியல வீட்டுக்காரருக்கும் தெரியல, போய் பாத்தா எல்லாம் ஃபுல், தப்பு எங்க மேலதான், யாரச் சொல்றது. காரைத் திருப்பி ரோட்டோரமா நிப்பாட்டி புளியோதரைய சாப்ட்டோம், சின்னது ரெண்டு தடவை வாந்தி எடுத்துச்சு. அதைவிட கொடுமை, செவப்பு இலை பாதிக்கு மேல கொட்டியே போயிருந்துச்சு. அங்க சுகர் மேப்பிள் நல்லா சிவக்கறது பெரும்பாலும் செப்டம்பர் கடைசி, அக்டோபர் மொத வாரம், தேங்க்ஸ்கிவிங் வர்றதுக்குள்ள பல வருஷம் முடிஞ்சுடுது, அப்புறம் பாப்ளர், டமராக் மரத்தோட மஞ்சள்தான் மிச்சம், அதுவும் அழகுதான், ஆனா போட்டோல பாத்தது அது இல்லல்ல. போகணும்னா வீக்டே லீவு போட்டு, பெர்மிட் எடுத்துட்டு, ஒரு ராத்திரி தங்கற மாதிரி போங்க.

ஆனா மூணு வயசுக்கு அல்கான்குவினும் ஒண்ணுதான் வீட்டுக்குப் பின்னாடி இருக்கற மேப்பிளும் ஒண்ணுதான். அதுக்கு வேண்டியது குச்சி, கல்லு, தண்ணி. டொரோன்டோ ஓரத்துலயே ரூஜ் நேஷனல் அர்பன் பார்க் இருக்கு, 2015ல வந்தது, கனடாவோட மொத நேஷனல் அர்பன் பார்க், கிட்டத்தட்ட 79 சதுர கிலோமீட்டர், உள்ள போக காசே கிடையாது. ஜூ பக்கத்துல இருக்கற விஸ்டா ட்ரெய்ல்ல ஒரு வியூயிங் டெக் இருக்கும், பள்ளத்தாக்கு முழுக்க மஞ்சளும் ஆரஞ்சுமா தெரியும். நகரத்துல கலர் கொஞ்சம் லேட்டா வரும், அக்டோபர் நடுவுல போனா சரியா இருக்கும்.

இன்னொண்ணு, நிறைய பேருக்கு தெரியாதது, சால்மன்! செப்டம்பர் கடைசி, அக்டோபர்ல, நல்லா மழை பெஞ்ச மறுநாள் மார்னிங்சைட் பார்க்ல ஹைலண்ட் க்ரீக் ஓரமா போய் நில்லுங்க. என் கை நீளத்துக்கு மீனு, முழங்கால் தண்ணியில முதுகு வெளிய தெரிய, லேக் ஒன்டாரியோல இருந்து எதிர் நீச்சல் போட்டு முட்டை போட வருது. உங்க பக்கத்துல இருந்துன்னா ஹம்பர் நதி ஓல்ட் மில் பக்கம் போங்க, தடுப்பணை மேல எகிறி எகிறி விழும், ஒவ்வொரு எகிறுக்கும் கரையில நிக்கறவங்க எல்லாம் "ஓ"ன்னு கத்துவாங்க, கிரிக்கெட் மேட்சே அதுகிட்ட தோத்துடும். இந்த ஏரியோட சொந்த அட்லாண்டிக் சால்மன் 1800கள் முடியறதுக்குள்ளயே அழிஞ்சு போச்சு, இப்ப நாம பாக்கறது பெரும்பாலும் சினூக், 1960கள் கடைசியில பசிபிக் பக்கத்துல இருந்து கொண்டாந்து விட்டது. அதுவும் நம்மள மாதிரி வந்து செட்டில் ஆனதுதான். முட்டை போட்டதும் செத்துடும், கரையில நாத்தம் அடிக்கும், பொண்ணு "ஏன் மீன் தூங்குது"ன்னு கேப்பா, பதிலை யோசிச்சு வச்சுக்கிட்டு போங்க. தண்ணிக்குள்ள மட்டும் இறங்க விடாதீங்க, சரளைக்குள்ள முட்டை இருக்கும்.

கேள்வி: ஏழு வயசு பையன், "இலை ஏன் செவக்குது, மரத்துக்கு காய்ச்சலா"ன்னு கேட்டான். முழிச்சேன். (ஒரு அப்பா, ஏஜாக்ஸ்)

காய்ச்சல் இல்ல, கடைய கட்டுதுன்னு சொல்லுங்க. பகல் குறையக் குறைய மரம் பச்சை தயாரிக்கறத நிப்பாட்டிடும், இருந்த பச்சையும் கரைஞ்சு போகும். மஞ்சள் கோடையிலயே உள்ளதான் இருக்கு, பச்சை மறைச்சுக்கிட்டு இருந்துச்சு. செவப்பு அப்படி இல்ல, மேப்பிள் மாதிரி சில மரம் இலையில மாட்டிக்கிட்ட சர்க்கரைய வச்சு அப்பதான் புதுசா பண்ணுது. பகல்ல நல்ல வெயில், ராத்திரி உறையாத அளவுக்கு குளிரு, இப்படி ஒரு வாரம் கிடைச்சா அந்த வருஷம் செவப்பு சும்மா தகதகன்னு இருக்கும். இலைய கூட்டினதும் பிளாஸ்டிக் பைல போடாம பேப்பர் பைல போடுங்க, அதுக்கு முன்னாடி குவியல்ல ஒரு தடவை குதிக்க விடுங்க, நீங்களும் குதிங்க.

கேள்வி: ஆப்பிள் பிக்கிங் போய் ஆசையில ரெண்டு பை நிரப்பிட்டோம். ஆப்பிள் பை (pie) செய்யத் தெரியாது, திங்கறதுக்கும் ஆள் இல்ல. (பெயர் வேண்டாம், ஸ்கார்பரோ)

எல்லா வீட்டுலயும் இதே கதைதான்! மொதல்ல என்ன ஆப்பிள்னு பாருங்க. மெக்கின்டாஷ்னா (1811ல ஒன்டாரியோல டன்டெலாங்கற ஊர்ல ஜான் மெக்கின்டாஷ் காட்டை வெட்டறப்ப கண்டுபிடிச்ச மரத்தோட வம்சம் அது) வேக வச்சா மாவா கரைஞ்சுடும், அதனால வெல்லம், ஏலக்காய் போட்டு கிளறி பாட்டில்ல போடுங்க, பிள்ளைங்க தோசைக்கு தொட்டுக்கும். நார்தர்ன் ஸ்பை மாதிரி கெட்டியா புளிப்பா இருந்தா யோசிக்கவே வேணாம், ஊறுகாய்தான். தோலோட பொடியா நறுக்கி, உப்பு, மிளகாத்தூள், வறுத்துப் பொடிச்ச வெந்தயம், பெருங்காயம், நல்லெண்ணெய்ல கடுகு தாளிச்சுக் கொட்டுங்க, கல்யாண வீட்டு மாங்கா ஊறுகாய்க்கு தம்பி மாதிரி இருக்கும். ஃப்ரிட்ஜ்ல வச்சு ஒரு வாரத்துல காலி பண்ணிடுங்க.

அடுத்த தடவை பிள்ளைங்களுக்கு பறிக்கச் சொல்லிக் குடுங்க, இழுக்கக் கூடாது, லேசா மேல தூக்கி திருகினா காம்போட வந்துடும். அப்புறம் ஹாலோவீனுக்கு செதுக்கற பெரிய பூசணிய வாங்கி கூட்டு வச்சிடாதீங்க, நாரும் தண்ணியுமா சப்புனு இருக்கும், நம்ம பரங்கிக்கா ருசி வேணும்னா கபோச்சாங்கற ஜப்பான் பூசணி வாங்குங்க.

கேள்வி: நவம்பர் வந்தா அஞ்சு மணிக்கே இருட்டு. நான் வேலை முடிஞ்சு டேகேர்ல இருந்து கூட்டிட்டு வர்றதுக்குள்ள ராத்திரி ஆயிடுது, வீட்டுக்காரருக்கு நைட் ஷிஃப்ட். எப்ப வெளிய போறது? (ஒரு அம்மா, மிசிசாகா)

உங்க கேள்விதான் எனக்கு நெஞ்சுல குத்துச்சு, ஏன்னா எங்க வீடும் இதேதான். நவம்பர் மொத ஞாயித்துக்கிழமை கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னாடி வைக்கறோம்ல, அன்னிக்கு பெரியவங்களுக்கு ஒரு மணி நேரம் கூட தூக்கம், பிள்ளைங்க வழக்கம்போல எந்திரிச்சு வந்து உக்காரும், கடிகாரத்துல அஞ்சுன்னு காட்டும். நான் அந்த ஒரு வாரம் அழுறத விட்டுட்டு இருட்டையே ஒரு விளையாட்டா ஆக்கிட்டேன். ஆளுக்கு ஒரு டார்ச், தெருவ ஒரு சுத்து, யார் வீட்டு வாசல்ல என்ன பொம்மை, எந்த ஜன்னல்ல பூனைன்னு எண்ணிக்கிட்டே வருவோம். இருபது நிமிஷம்தான், ஆனா அன்னிக்கு ராத்திரி தூக்கம் சீக்கிரம் வருது, சத்தியமா. ரிஃப்ளெக்டர் பட்டை ஒட்டின ஜாக்கெட் போட்டு விடுங்க, டிரைவர் கண்ணுல படணும். வீட்டுக்காரர் தூங்கி எந்திரிச்சதும், அவர் சின்னத பகல் வெளிச்சத்துல ஒரு அரை மணி பார்க் கூட்டிட்டு போகட்டும், அதுவும் அவருக்கு நல்லது, நைட் ஷிஃப்ட்காரங்களுக்கு சூரியனே கண்ணுல படறதில்ல.

கேள்வி: குளிர் வந்தாச்சு, டிக் பூச்சி (உண்ணி) பயம் இனி இல்லதானே? (ஒரு வாசகி, பிக்கரிங்)

இருக்கு. நாலு டிகிரிக்கு மேல இருந்தாலே அது திரியும், ரூஜ் பக்கமும் உண்டு. பேன்ட்ட சாக்ஸுக்குள்ள சொருகுங்க, வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், காதுக்குப் பின்னாடி, தலைமுடி எல்லாம் தடவிப் பாருங்க. கடிச்சிருந்தா எண்ணெய், நெருப்பு எதுவும் வேணாம், கூர் ட்வீசரால தோலை ஒட்டிப் பிடிச்சு நேரா இழுங்க, கழுவுங்க, டாக்டருக்கு ஒரு போன் போடுங்க.

கேள்வி: பார்க்ல கீழ கிடந்த செஸ்ட்நட்ட பையன் பாக்கெட் நிறைய அள்ளிட்டு வந்துட்டான். வறுத்துத் திங்கலாமா? (விட்பி வாசகி)

அய்யய்யோ இருங்க! பார்க்ல, தெருவுல கிடக்கறது பெரும்பாலும் ஹார்ஸ் செஸ்ட்நட், அது விஷம், தின்னா வயித்தப் பிரட்டும். திங்கற செஸ்ட்நட்டோட மேல் கூடு முள்ளம்பன்றி மாதிரி நெருக்கமா ஊசியா இருக்கும், கொட்டைக்கு நுனியில குட்டி வால் இருக்கும். இது உருண்டையா, வழுவழுன்னு, வால் இல்லாம, கூட்டுல அங்கொண்ணு இங்கொண்ணா தடி முள்ளு. பல்லாங்குழி இருந்தா எடுத்து விடுங்க, சோழிக்குப் பதிலா பிரமாதமா இருக்கு, சின்னது வாயில போடாம மட்டும் பாத்துக்கோங்க.